பை காவலுக்கு முழு டிக்கெட்டா?

முழுப்பரீட்சை முடியும் நேரத்தில் வரும் கடிதங்களில் பாதி தீம் பார்க் பற்றித்தான் இருக்கும். இந்த வாரம் அவற்றையே எடுத்துக்கொண்டேன். முதல் கடிதம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது, அதனால் அதற்குப் பதிலும் நீளம்.

கேள்வி: போன மே மாதம் குடும்பத்தோடு ஒரு தீம் பார்க் போனோம். பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே விலை டிக்கெட். கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஒன்று விடாமல் ஏறினார்கள். நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூன்று ஜோடிச் செருப்பையும் ஒரு பையையும் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரோலர் கோஸ்டரைப் பார்த்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. "காசு கொடுத்தாச்சு, ஒரு தடவை ஏறேன்" என்று கணவர் கையைப் பிடித்து இழுத்தார். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். இந்த வருடமும் போகலாம் என்கிறார்கள். ரைடு ஏறாதவர்களுக்குக் குறைந்த டிக்கெட் உண்டா? இந்தப் பயம் போகுமா?
— வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் டிக்கெட். பெரிய பார்க்குகளில் நுழைவும் ரைடுகளும் சேர்ந்து ஒரே விலைதான். "நான் ஏறமாட்டேன், பாதி விலை போடுங்கள்" என்று கவுன்டரில் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. நுழைவுக்குத் தனியாக, ஒவ்வொரு ரைடுக்கும் தனியாக என்று விற்பது பொருட்காட்சி வழக்கம். உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் லாபம். பெரிய பார்க்குதான் என்றால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் பல இடங்களில் விலை கூடுதல். குழந்தை டிக்கெட்டைப் பல பார்க்குகளில் வயதைப் பார்த்துத் தருவதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான் தருகிறார்கள். வீட்டிலேயே பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். ஜிஎஸ்டி கடைசித் திரையில் சேருவதும் உண்டு. 2018 ஜனவரியில் அதை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் நான்கு பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை.

அப்புறம், ஒரு லாக்கர் எடுங்கள். செருப்பு, போன், பை எல்லாம் உள்ளே போகட்டும். உங்கள் டிக்கெட்டில் வீணானது ரோலர் கோஸ்டர் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அலைக்குளம், மெதுவாக மிதந்து போகும் ஆறு, சின்ன ராட்டினம், குகை ரயில் என்று நீங்கள் அனுபவித்திருக்கக் கூடிய அத்தனையும் அந்தப் பையால் போயிற்று.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. கொடுத்த காசு கொடுத்ததுதான். மனைவி அழுதுகொண்டே ஏறினாலும் அது திரும்பி வராது. பயந்தவரை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால் ஒரு ரைடு முடியும், பயம் இரண்டு மடங்காகும். அடுத்த தடவை அவர் பார்க் வாசலுக்கே வரமாட்டார். தயவுசெய்து இழுக்காதீர்கள்.

சரி, பயம் போகுமா? போகும். முழுக்கப் போகாவிட்டாலும் ஏறி இறங்கும் அளவுக்குக் குறையும். நானே அப்படிக் குறைத்துக்கொண்டவள்தான்.

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போகும்போது டிரைவர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கினால் அடிவயிறு ஒரு கணம் காலியாகுமே, ரோலர் கோஸ்டர் இறக்கத்தில் வருவதும் அதே உணர்வுதான். உடம்பும் சீட்டும் சேர்ந்து கீழே போவதால் சீட் உங்களைத் தாங்குவது அந்தக் கணத்துக்குக் குறைகிறது. உள்ளே எதுவும் பிசகுவதில்லை. நீங்கள் கொல்லிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய உடம்புக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை.

அடுத்தது, வண்டி தண்டவாளத்தை விட்டுப் பறந்துவிடுமோ என்ற பயம். வாய்ப்பு கிடைத்தால் கீழே நின்று பெட்டியின் சக்கரங்களைப் பாருங்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஓடும், ஒன்று பக்கவாட்டில் அணைத்து ஓடும், இன்னொன்று அடியிலிருந்து பிடித்துக்கொண்டு ஓடும். மூன்று பக்கமும் பிடி இருப்பதால் பெட்டி மேலே எழும்ப முடியாது. அடியில் பிடிக்கும் இந்தச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-ல் காப்புரிமை வாங்கினார். நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. மேலே ஏறும்போது கேட்கும் 'டக் டக் டக்' சத்தம்தான் பலருக்கு உயிரை எடுக்கும். அதுவும் உங்களுக்கான காவல்தான். ஏற்றத்தில் வரிசையாக இருக்கும் இரும்புப் பற்களில் பெட்டியின் கொக்கி ஒவ்வொன்றாக விழுந்து எழும் சத்தம் அது. இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும்.

என் கதைக்கு வருகிறேன். நாற்பது வயதுவரை ராட்டினத்தில்கூட ஏறாதவள் நான். என் தங்கை மகள்தான் பழக்கினாள். முதல் நாள் குழந்தைகளுக்கான டிராகன் ரயிலில் மட்டும் ஏறினோம், ஒன்றுக்கு மூன்று தடவை. அதன் பிறகு கொலம்பஸ், அதுதான் ஊஞ்சல்போல் ஆடும் கப்பல். அதிலும் அவள் என்னை ஓரத்தில் விடவில்லை, நடுவில் உட்கார வைத்தாள். கப்பலின் நடுப்பகுதி அதிகம் எழும்பாது, ஓரம்தான் தூக்கி அடிக்கும். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த வருடம் போனபோதுதான் ரோலர் கோஸ்டர். சீட்டில் நம்மைப் பிடித்து வைக்கும் பட்டியைப் பிடித்தேன். அதன் மேல் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. எனக்கு முன்னால் எத்தனை ஆயிரம் கைகள் அதே இடத்தில் பிடித்திருக்கும்! வண்டி ஏறத் தொடங்கியதும், "பெரியம்மா, அந்த டக் டக்கை எண்ணிக்கிட்டே வாங்க" என்றாள். முப்பத்தாறு வரைக்கும் எண்ணினேன். முப்பத்தேழுக்கு முன்னால் இறங்கிவிட்டது. அடுத்த ஒரு நிமிடம் கத்தினேன், அவ்வளவுதான். இறங்கிய பிறகும் உள்ளங்கையில் இரும்பு வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வாசனை எனக்கு இப்போதும் பிடிக்கும்.

அதனால் நீங்களும் படி ஏறுவதுபோல் ஏறுங்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1884-ல் லாமார்கஸ் தாம்சன் ஓட்டிய ரோலர் கோஸ்டர் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகம்தான் போனது. 5 சென்ட் கொடுத்து ஜனங்கள் அதில் வரிசை கட்டி ஏறினார்கள். உலகமே அங்கிருந்து தொடங்கித்தான் அபுதாபியின் ஃபார்முலா ரோஸா என்ற ரோலர் கோஸ்டருக்கு, மணிக்கு 240 கிலோமீட்டருக்கு வந்தது. உங்களுக்கு ஒரே நாளில் வரவேண்டும் என்று யார் சொன்னது?

ரோலர் கோஸ்டரில் நடுப்பெட்டியைக் கேளுங்கள். கடைசிப் பெட்டியை முன்பெட்டிகள் உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுக்கும், நம் பஸ்ஸின் கடைசி சீட் போலத்தான். முன்பெட்டியில் இழுப்பு குறைவு, ஆனால் பள்ளம் நேரே தெரியும். தலையைச் சீட்டோடு சாய்த்து, கண்ணைத் திறந்து, தண்டவாளம் போகும் திசையைப் பாருங்கள். கண்ணை மூடினால் காது உணரும் ஆட்டத்துக்குக் கண் சாட்சி சொல்லாமல் போய் குமட்டல் கூடும். இறக்கத்தில் மூச்சைப் பிடிக்காமல் கத்தியே விடுங்கள், மூச்சு தானாக வெளியே போகும். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டால் போதும். வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். வரிசையின் கடைசி வரை போய் 'இன்றைக்கு வேண்டாம்' என்று தோன்றினால் திரும்பி வந்துவிடுங்கள். ஊழியர்கள் தினமும் பார்க்கும் காட்சிதான், தப்பாக நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: மகனுக்கு உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு என்று ரோலர் கோஸ்டரில் ஏற்றவில்லை. டிக்கெட் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாமா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: உயர வரம்பை இணையதளத்திலோ வாசல் பலகையிலோ எழுதியிருந்தால் கேட்டுப் பயனில்லை. அந்த ஊழியர் செய்தது சரி. சீட்டின் பட்டியும் பெல்ட்டும் ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குச் செய்தவை. அதற்குக் குறைந்தால் பிள்ளை நழுவ வழி இருக்கிறது. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போய் 123-க்கு அழுத பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தடித்த அடி வைத்த ஷூ போட்டு, எட்டி நிற்கச் சொல்லி ஏற்றிவிடும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யவே கூடாது.

கேள்வி: நீள வரிசையில் நிற்காமல் ஏற விடும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் வாங்கலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: பள்ளி நாளில், செவ்வாய் புதன் போல் போனால் தேவையே இல்லை. பொங்கல், தீபாவளி, மே மாத ஞாயிறு என்றால் யோசிக்கலாம். வாங்கும் முன் எந்தெந்த ரைடுக்குச் செல்லும், ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை என்று படியுங்கள். தண்ணீர் விளையாட்டுகளுக்குச் செல்லாது என்று கீழே எழுதியிருக்கக்கூடும். வீட்டில் இரண்டு பேர் மட்டும்தான் பெரிய ரைடு ஏறுவார்கள் என்றால் இரண்டு பேருக்கு மட்டும் வாங்குங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நேராக ரோலர் கோஸ்டருக்கு நடந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம் ஃபாஸ்ட் டிராக் இல்லாமலே வேலை நடக்கும்.

கேள்வி: விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த ரோலர் கோஸ்டருக்காகவே போனோம். அங்கே போனால் 'பராமரிப்பு' என்று பலகை. பணம் திருப்பித் தரமாட்டோம் என்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் எம்ஆர்பிக்கு மேல் வாங்கினார்கள்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: மழை, மின்னல், திடீர்க் கோளாறு என்றால் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தாத பார்க்கைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆனால் முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்பைச் சொல்லாமல் அந்த ரைடின் படத்தைப் போட்டே டிக்கெட் விற்றிருந்தால் விஷயம் வேறு. 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பலகையின் படம், டிக்கெட், பில் நான்கையும் வைத்துக்கொண்டு முதலில் பார்க்குக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், பார்க் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தரவேண்டும். ஆனாலும் நாற்பது ரைடில் ஒன்று ஓடவில்லை என்றால் வழக்கைவிட, இன்னொரு நாள் வர இலவச நுழைவு கேட்டு வாங்குவதுதான் எனக்கு நல்ல வழியாகப் படுகிறது.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் வாங்கிக் கையில் எடுத்துப்போகும் பாட்டிலுக்கு எம்ஆர்பிதான் உச்சம். உட்கார வைத்துப் பரிமாறும் உணவகத்துக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2017-ல் விலக்கு கொடுத்தது. பில் கேளுங்கள், பாட்டிலோடு சேர்த்துப் படம் எடுத்து தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிக்கு அனுப்புங்கள். வெளிச் சாப்பாட்டைத் தடுப்பது பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தியேட்டர் வழக்கில் சாப்பாட்டைத் தடுக்கலாம், ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகத் தரவேண்டும் என்றது. அது தியேட்டருக்குச் சொன்னதுதான் என்றாலும் பார்க்கில் நியாயம் கேட்கும்போது எடுத்துச் சொல்லலாம்.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடைதான் வேண்டும் என்பார்கள். ஒரு பார்க்கில் உள்ளேயே வாங்கினேன். ஒரு துவைப்பில் தையல் விட்டது. ஊரில் ஜவுளிக்கடையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் பொருட்காட்சியில் ஜயன்ட் வீல் ஏறலாமா? பார்த்தால் பயமாக இருக்கிறது.
— வாசகர், தேனி

பதில்: இந்தப் பயம் வேறு, இதை அடக்க வேண்டாம். அகமதாபாத் காங்கரியாவில் 2019 ஜூலையில் ஊஞ்சல்போல் ஆடும் ரைடு உடைந்து இரண்டு பேர் இறந்தார்கள். அது பொருட்காட்சி ரைடுகூட இல்லை, நிரந்தரமாக நின்ற ரைடு. ரைடு பாதுகாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஐஎஸ் 15475 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த நட்டு முறுக்கப்பட்டதா என்று டிக்கெட்டில் எழுதியிருக்காது. பத்து நிமிடம் நின்று பாருங்கள். தொட்டியின் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, கம்பி கட்டி வைத்திருக்கிறார்களா? ஆளை ஏற்றும் பையன் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்க்கிறானா, போன் பேசிக்கொண்டே விசையைத் தள்ளுகிறானா? அடித்தளத்துக் கட்டைகள் ஈர மண்ணில் சாய்ந்திருக்கின்றனவா? ஒயர் தண்ணீரில் கிடக்கிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் டெல்லி அப்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஏறினால் துப்பட்டாவை இடுப்பில் கட்டி, நீள முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. பேரனோடு ஒரே ஒரு தடவை ரோலர் கோஸ்டர் ஏறவேண்டும் என்கிறார்.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம்மா. இதய நோய், ரத்தக்கொதிப்பு, கழுத்து முதுகு வலி, வலிப்பு, கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை இருப்பவர்கள் ஏறக்கூடாது என்று வரிசை தொடங்கும் இடத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பலகை உங்கள் அப்பாவுக்காகத்தான். அவருடைய இதய டாக்டரைக் கேட்டு, அவர் சரி என்றால் மெதுவாகச் சுற்றும் ராட்டினத்தில் தாத்தாவையும் பேரனையும் ஒரே தொட்டியில் ஏற்றிவிடுங்கள். ரோலர் கோஸ்டருக்குப் பேரனோடு நீங்கள் போங்கள். இறங்கும் வாசலில் தாத்தா நிற்கட்டும். பிள்ளைகள் இறங்கி ஓடி வந்து முதலில் கதை சொல்வது அங்கே நிற்கிறவரிடம்தான்.