டிரையாஜ் முகப்பிடத்திற்குப் புதிய தாதியரை எப்படிப் பழக்குவது?

கேள்வி: பினாங்கில் ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் மூத்த தாதியாக இருக்கிறேன். புதிய தாதியர், வரும் நோயாளிகளை அவசரத்தின்படி வரிசைப்படுத்தும் (டிரையாஜ்) ஐந்து நிலை அட்டவணையை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் நோயாளி எதிரே வந்ததும் தடுமாறுகிறார்கள். என்ன பயிற்சி தரலாம்?

பதில்: அட்டவணையை மீண்டும் மீண்டும் ஒப்பிக்க வைக்காதீர்கள். உங்கள் பிரிவுக்கு முன்பு வந்தவர்களின் குறிப்புகளைப் பெயரையும் முடிவையும் மறைத்துக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக நிலையை எழுதி, காரணத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். நிலையைச் சரியாக எழுதிவிட்டுக் காரணத்தைத் தவறாகச் சொல்பவர்மீது கூடுதல் கவனம் வையுங்கள்.

ரத்தம் வழிய வருபவரை யாரும் தவறவிடுவதில்லை. ஆகவே அமைதியாக வந்தவர்களின் குறிப்புகளைத் தேடி எடுங்கள். "வாயுப் பிடிப்புதான் அம்மா, மாத்திரை கொடுத்தால் போதும்" என்று வியர்த்த முகத்தோடு சொல்லும் நீரிழிவு நோயாளியை நம்மவர்களிடையே அடிக்கடி பார்க்கலாம். நீரிழிவு உள்ளவர்கள், முதியவர்கள், பெண்கள் ஆகியோருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரக்கூடும். மூச்சிரைப்பு, குமட்டல், காரணம் தெரியாத அசதி மட்டுமே இருக்கலாம். சந்தேகம் வந்தால் 10 நிமிடத்திற்குள் ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது டிங்கி. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வருபவரின் 37 பாகை வெப்பநிலையைப் பார்த்துப் புதியவர் நிம்மதி அடைவார். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து துவளுதல் ஆகியவற்றைக் கட்டாயம் கேட்கப் பழக்குங்கள்.

மூச்சை எண்ணுவதில் எந்தச் சமரசமும் வேண்டாம். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 98 விழுக்காடு என்று காட்டும்போதே ஒருவர் நிமிடத்திற்கு 28 முறை மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். கிருமித்தொற்று உடல் முழுவதும் பரவும்போது மூச்சுதான் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்காமல் நாடியை நம்ப வேண்டாம்.

இதன் பிறகே, அனுபவசாலி ஒருவர் அருகில் இருக்க, முகப்பிடத்தில் அமர்த்துங்கள். அங்கே பணியாற்றும் மருத்துவ உதவியாளர்களையும் இதே பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலைகளுக்கு இடையில் தயங்கினால் அவசரம் கூடிய நிலையைத் தேர்ந்தெடுக்கட்டும். காத்திருக்கும் நோயாளிகளை மறுபடியும் சோதிப்பதும் முகப்பிடத்தில் இருப்பவர்களின் பொறுப்பே. உட்காரும்போது நன்றாக இருந்தவர் அரை மணியில் மோசமாகலாம்.

தவறு நேர்ந்தால் அன்றைய பணிநேரம் முடிவதற்குள் தனியாக அழைத்துப் பேசுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தால், மறுநாள் முதல் அச்சத்தில் அனைவரையும் அவசர நிலையில் போடுவார்கள். உண்மையில் உயிருக்குப் போராடுபவருக்குப் படுக்கை கிடைக்காது.