அலாரம் வயரைக் கழற்ற வேண்டாம்

வணக்கம் நண்பரே. படகு வேகமெடுத்த கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அலாரம் விடாம பீப் அடிக்குது, வயரைக் கழற்றிடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெய்து கழற்றாதீங்க; எஞ்சின் சூடேறுறதையோ ஆயில் குறையுறதையோ அதுதான் சொல்லுது, கவனிக்கலேன்னா எஞ்சினே போயிடும்.

அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டுற எஞ்சின்) பின்னாடி பீச்சுற தண்ணியைப் பாருங்க, எஞ்சினைக் குளிர்விக்கிறது அதுதான். மெலிசா வந்தா எஞ்சினை அணைச்சுத் தூக்கி, தண்ணி உறிஞ்சுற துவாரத்தில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைச்சிருக்கான்னு பாருங்க. சில சமயம் பீச்சுற குழாயே மண்ணடைச்சிருக்கும்; தடிச்ச தூண்டில் நரம்பை விட்டுக் குடைஞ்சா போதும். ரெண்டும் சுத்தம்னா இம்பெல்லரை (தண்ணியை உறிஞ்சித் தள்ளுற பம்ப் சக்கரம்) மாத்துங்க, அதோட ரப்பர் இதழ்கள் காலப்போக்கில் விறைச்சு உடையும். தண்ணி நல்லா பீச்சியும் பீப் நிக்கலேன்னா ஆயில் அளவைப் பாருங்க.

கில் ஸ்விட்ச் கயிறு (ஓட்டுறவர் உடம்பில் மாட்டுறது; அவர் விழுந்தா எஞ்சினை அணைச்சிடும்) சும்மா தொங்குதுன்னும் எழுதியிருக்கீங்க. அதுதான் எனக்குப் பெரிய கவலை. நீங்க ஓட்டுற அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைஞ்ச படகுக்கு 2021 ஏப்ரல் முதல் வேகமா ஓட்டும்போது அதை மாட்டிக்கணும்னு சட்டம். வேகமெடுக்கும் முன்னாடி மாட்டிக்குங்க.