முப்பது பூசையில் ஒரு நாள் விட்டுப்போனால்?

கேள்வி: இறந்துபோன அப்பாவுக்காக, ஓர் ஏற்பாட்டாளர் மூலம் கிரகோரியார் பூசைக்கு, அதாவது இறந்த ஒருவருக்காக முப்பது நாள் தொடர்ந்து வைக்கும் முப்பது பூசைக்கும், காணிக்கை கொடுத்தோம். 17-ஆம் நாள் குருவுக்குக் காய்ச்சல் வந்து பூசை நின்றுவிட்டது. "தொடர் அறுந்துவிட்டது, முதலிலிருந்து வைக்க வேண்டும், காணிக்கையும் மறுபடி கட்டுங்கள்" என்கிறார் ஏற்பாட்டாளர். முன்னே வைத்த 16 பூசையும் வீண்தானா?

பதில்: வீண் இல்லை. காணிக்கையும் மறுபடி கொடுக்காதீர்கள். குரு உடம்பு தேறியதும், முடிந்த அளவு சீக்கிரமாக, மீதி 14 பூசையை ஒப்புக்கொடுத்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு உரோமையே 1967-இல் தெளிவாக வழி சொல்லிவிட்டது. நோய் போல எதிர்பாராத தடையாலோ, அடக்கப் பூசை, திருமணப் பூசை போன்ற நியாயமான காரணத்தாலோ ஒரு நாள் விட்டுப்போனாலும் இறந்தவருக்கான பலன் குறையாது. முப்பதையும் நிறைவேற்றும் கடமை மட்டும் குருவிடம் நிற்கும். பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது, அதனால் தொடர் அறுந்தது என்றும் யாரும் சொல்ல முடியாது. "மறந்துபோச்சு" என்பது மட்டும் இந்தச் சலுகையில் சேராது. அப்போதும் கடன், காணிக்கை வாங்கியவர் தலையில்தான். உங்கள் தலையில் அல்ல. வாங்கிய காணிக்கை குருவின் தவறே இல்லாமல் தொலைந்துபோனாலும் பூசை வைத்தே தீர வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 949. காய்ச்சலுக்கு இரண்டாம் காணிக்கை எங்கிருந்து வந்தது?

முப்பதையும் ஒரே குரு வைக்க வேண்டும் என்பதும் இல்லை. 17-ஆம் நாளன்று வேறொரு குருவிடம் சொல்லியிருந்தால் தொடர் நின்றே இருக்காது. இடம் மாறலாம், பீடம் மாறலாம், அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளாகவும் இருக்கலாம். பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தாக வேண்டும் என்றும் இல்லை. குரு அந்தப் பூசையை எந்தக் கருத்துக்கு, அதாவது யாருக்காக, ஒப்புக்கொடுக்கிறார் என்பதுதான் கணக்கு. ஆனால் முப்பதும் ஒரே ஓர் ஆளுக்கு மட்டுமே, அவரும் இறந்தவராக இருக்க வேண்டும். "அப்பாவோடு தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது தாராளம் காட்டினால் அது கிரகோரியார் பூசை அல்ல.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பத்துக் குடும்பங்களிடம் தனித்தனியாகக் காணிக்கை வாங்கி, ஒரே பூசையில் பத்துப் பெயரையும் வாசித்துவிட்டு, எல்லாருக்கும் பொன் ஓரம் போட்ட சான்றிதழ் அனுப்புகிறார்கள். தனிக் காணிக்கைக்குத் தனிப் பூசை என்பது சட்டம் 948. தொகை சிறியதாக இருந்தாலும் அதுதான். பல கருத்துகளைச் சேர்த்து வைக்கும் பூசைக்குக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். இடைத்தரகருக்கும் விதி இருக்கிறது: பூசையை இன்னொருவரிடம் ஒப்படைப்பவர், வாங்கிய காணிக்கையை முழுதாகச் சேர்க்க வேண்டும் (சட்டம் 955). கூடுதல் தொகை தனக்கென்றே கொடுக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர, "சேவைக் கட்டணம்" என்று கிள்ளிக்கொள்ள இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்கம் பிறந்த கதையில், திருத்தந்தை பெரிய கிரகோரியார் முப்பது நாள் பூசை வைக்கச் சொன்னது மூன்று பொற்காசை ஒளித்துவைத்து இறந்த ஒரு துறவிக்காக.

பங்குக்குருவிடமே நேரே கேட்டிருக்கலாமே என்றால், தனியாக இருக்கும் பங்குக்குருவுக்கு இது கடினம். ஞாயிறும் கடன் திருநாளும் (மக்கள் பூசைக்கு வந்தே ஆக வேண்டிய திருநாள்) வந்தால் ஒரு பூசையைத் தம் பங்கு மக்களுக்காகவே அவர் ஒப்புக்கொடுக்க வேண்டும். அன்று இரண்டாவது பூசையோ இன்னொரு குருவோ இல்லாவிட்டால் தொடர் இடிக்கும். அதனால்தான் குருக்கள் பலர் சேர்ந்து வாழும் துறவற இல்லங்கள் இதற்கு வசதி. இதைப் பூசைக்குப் பின் இரண்டு நிமிடம் அறிவித்திருந்தால் தரகருக்குப் பிழைப்பே இருந்திருக்காது. அறிவிப்பில் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: பூசை வைக்கும் குருவின் பெயர், அவருடைய இல்லம், தொடங்கிய தேதி, மீண்டும் தொடர்ந்த தேதி நான்கையும் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த இல்லத்துக்கு நேரே பேசுங்கள். ஏற்ற பூசையையும் நிறைவேற்றிய பூசையையும் ஒவ்வொரு குருவும் குறித்துவைக்கக் கடமைப்பட்டவர். ஆகவே கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெயரே சொல்ல மறுத்தால், கொடுத்த தொகை, தேதி, ரசீது நகலுடன் அந்த மறைமாவட்ட ஆயருக்கு எழுதுங்கள். முறைகேடு நடக்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு. பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். நினைவூட்டுக் கடிதத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.