உழவர் கேள்வி–பதில்: அறுவடை நேரத்தில் டிராக்டர் படுத்துக்கொள்வது ஏன்?

கேள்வி: எங்களிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. தொளி உழவில் (சேற்றுழவில்) ஒரு குறையும் வைத்ததில்லை. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பூட்டினால் மட்டும் உச்சிவேளையில் சூடேறித் திணறுகிறது. சென்ற மாசியில் நடுவயலில் நின்றேவிட்டது. வண்டியை மாற்றிவிடலாமா?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: மாற்ற வேண்டாம், முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். தொளி அடிக்கும்போது வயலில் தண்ணீர் நிற்பதால் தூசு எழுவதில்லை. மாசி, பங்குனியில் தாள் காய்ந்து கிடக்கும் வயலிலோ, கட்டும் இயந்திரம் கிளப்புகிற கூளத்தையும் தூசையும் என்ஜினின் விசிறி முன்பக்கமாக உள்ளிழுத்து, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்மேல் படுதா விரித்ததுபோல் அப்பிவிடுகிறது. வெளிவலையைத் துடைத்துவிட்டால் போதுமென்று பல ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். வலைக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கைவிட்டுப் பார்த்தால்தான் பிடிபிடியாகக் கூளம் வரும். காற்று அடிக்கும்போது விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அடைப்பு இன்னும் இறுகும். தண்ணீரை மிகுந்த வேகத்தில் பாய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். கட்டு கட்டுகிற நாட்களில் இதைக் காலையிலும் மதிய உணவு வேளையிலும் செய்வது நல்லது.

அதே தூசுதான் ஏர் கிளீனரையும் அடைக்கிறது. உங்களுடையது எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையானால், எண்ணெய் சேறுபோலக் கெட்டியானதும் மாற்றிவிடுங்கள். கரும்புகை தள்ளிக்கொண்டு இழுவை குறைவது அதன் அடையாளம். விசிறிப் பெல்ட்டின் தொய்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பமானி முள் சிவப்புக்குப் போனால் சட்டென்று அணைக்காமல், பின்னால் பூட்டிய இயந்திரத்தைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வை விடுவித்துச் சில நிமிடங்கள் மெதுவோட்டத்தில் விடுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் ஒழுகிப்போயிருந்தாலோ மட்டும் உடனே அணைக்க வேண்டும். சூடு தணியாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. வைக்கோல் வரிசை தடித்து வரும் இடத்தில் வண்டி நிற்க வேண்டும், பி.டி.ஓ. மட்டும் சுற்ற வேண்டும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் இரண்டும் சேர்ந்தே நின்று, இயந்திரத்தின் வாயில் வைக்கோல் சிக்கிக்கொள்ளும். அதற்கு அஞ்சிப் பெடலில் பாதிக் காலை வைத்தபடியே ஓட்டுவதால் கிளட்ச் தட்டு தேய்கிறது. பழியோ வண்டியின் மேல் விழுகிறது. வண்டியை மட்டும் தனியே நிறுத்தவல்ல இரட்டைக் கிளட்ச் இல்லாத வண்டிக்கு, தாழ்ந்த கியரில் பி.டி.ஓ.வின் நிமிடத்துக்கு 540 சுற்றைக் காத்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: புதிதாக வாங்குவதானால் 50 குதிரைத்திறனுக்கு மேல் போனால் அறுவடையில் நம்பகமாக இருக்குமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: பெரிது என்பதாலேயே நம்பகம் வந்துவிடாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 1.1.2023 முதல் கடுமையான புகை விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றுக்காக மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் செலுத்தும் என்ஜின்கள் வந்துவிட்டன. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் என்ஜின்கள்தாம். ஆனால் கோளாறு வந்தால் ஊர் மெக்கானிக்கின் ஸ்பானர் மட்டும் போதாது, கம்பெனிக்காரரின் கருவியும் வர வேண்டும். கேனில் வாங்கி வடிகட்டாமல் ஊற்றும் டீசலையும் அவை பொறுத்துக்கொள்ளா. நடுத்தர வண்டி போதுமென்றால், என்ஜினின் குதிரைத்திறனை மட்டும் பார்க்காமல் பி.டி.ஓ.வில் எவ்வளவு கிடைக்கிறது என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இயங்கும் மத்திய அரசு நிலையத்தின் சோதனை அறிக்கையில் அது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதோடு, அம்பாசமுத்திரத்திலோ திருநெல்வேலியிலோ அந்த வண்டியின் பெல்ட்டும் ஃபில்டரும் கிளட்ச் தட்டும் கேட்ட அன்றே கிடைக்கின்றனவா என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன் கடைக்கு நேரில் போய் விசாரியுங்கள்.