பறவை பார்க்க அந்தமான்: கப்பல் செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

கேள்வி: கரூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் ஜனவரியில் பறவை பார்க்க அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். பொங்கல் விடுமுறையோடு சேர்த்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும். போக வர விமானம், தீவுக்குத் தீவு தனியார் படகு என்று கணக்குப் போட்டால் கையைக் கடிக்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் போனால் மலிவு என்கிறார்களே, உண்மையா? ஹேவ்லாக், நீல் தீவுகளைப் பார்த்துவிட்டு, முடிந்தால் நிகோபார் புறாவுக்காக கிரேட் நிகோபார் வரை போக ஆசை. நண்பர் ஒருவருக்குப் பேருந்திலேயே குமட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: முதலில் ஒரு விஷயம், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். நீங்கள் தேடிப் போகும் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்க ஹேவ்லாக்கும் வேண்டாம், நீலும் வேண்டாம். போர்ட் பிளேரில் இறங்கி தெற்கு அந்தமானிலேயே எட்டு நாள் தங்கினால் போதும். அந்தமானில் மட்டுமே வாழும் பறவைகள் ஏறக்குறைய இருபது வகை; அவற்றில் முக்கால்வாசி அந்த ஊரைச் சுற்றி, நகரப் பேருந்தும் சில்லறைக் காசுப் படகும் போகிற தூரத்துக்குள் இருக்கின்றன. இது தெரியாமல் பலர் ஹேவ்லாக் போக வர ஆளுக்கு ஆயிரக்கணக்கில் படகுக்குக் கொடுத்துவிட்டு, அங்கே கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நானும் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன்.

சரி, சென்னைக் கப்பலுக்கு வருவோம். மலிவு என்பது உண்மைதான். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்ககம் நடத்தும் பயணிகள் கப்பல்கள் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் மூன்று துறைமுகங்களிலிருந்தும் போகின்றன. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், பயணம் அறுபது மணி நேரம் வாக்கில். கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கைகள் வரிசையாக இருக்கும் பெரிய கூடம்தான் பங்க் வகுப்பு. அதுதான் மிகக் குறைந்த கட்டணம், விமானத்தின் கடைசி நேரக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். அதற்கு மேலே கேபின்கள். மூன்று பேர் சேர்ந்து போகிறீர்கள் என்பதால் கேபின் கட்டணத்தையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள், ஆனால் மேல்வகுப்புக் கேபினுக்குப் போய்விட்டால் முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அப்புறம் மூன்று நாளைக் கடலில் கழிப்பதற்குச் சேமிப்பு என்ற காரணம் போய்விடும்.

இந்தக் கட்டணம் ஏன் இவ்வளவு குறைவு என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்களுக்கு வரப்போகும் சிரமமும் அதே காரணத்தால்தான் வருகிறது. அந்தக் கப்பல்கள் சுற்றுலாவுக்காக ஓடவில்லை. தீவில் குடியிருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் சொந்த ஊர் விசேஷத்துக்கும் போய்வர, அரசு நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு ஓட்டுகிறது. தீவுவாசி அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கட்டணமும் குறைவு, இடத்திலும் முன்னுரிமை. நமக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம். மாதத்துக்கு மூன்று நான்கு முறைதான் கப்பல் போகும், அட்டவணையும் மாதக்கணக்கில் முன்னால் வருவதில்லை. வந்த பிறகும் சரக்கு ஏற்றுவது, பழுது, வானிலை என்று ஒரு நாள் இரண்டு நாள் தள்ளிப்போவது சகஜம். ஒருமுறை சென்னையில் ஒரு விடுதி அறையில் இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருந்தேன்; அந்த வாடகையையும் சாப்பாட்டையும் கூட்டிப் பார்த்தால் கப்பலில் மிச்சம் பிடித்ததில் பாதி போயிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பன்னிரண்டு நாளில் இரண்டு பக்கமும் கப்பல் என்பது வேண்டாம். கடலுக்கே ஆறு நாள் போய்விடும், தாமதம் சேர்ந்தால் ஏழு எட்டு. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் தலைகீழாகச் செய்வார்கள். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு அது சரிப்படும், பள்ளி திறக்கும் நாளில் வகுப்பில் நிற்க வேண்டிய உங்களுக்குச் சரிப்படாது. போகும் கப்பல் தாமதமானால் தீவில் ஒன்றிரண்டு நாள் குறையும், அவ்வளவுதான். வரும் கப்பல் தாமதமானால் விடுப்பு போகும்.

சென்னையில் டிக்கெட் தரும் அலுவலகம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ராஜாஜி சாலையில் இருக்கிறது. இணையத்திலும் முன்பதிவு உண்டு. இடைத்தரகர்கள் அணுகினால் காசு கொடுக்காதீர்கள், டிக்கெட் பயணியின் பெயரில் அடையாள அட்டையோடு தருவது, அவர்களிடம் தனியாக எந்தக் கையிருப்பும் இல்லை. இன்னொன்று, பெயர்க் குழப்பம். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் 2018-லிருந்து சுவராஜ் தீவு, நீல் ஷகீத் தீவு. அட்டவணையில் புதுப்பெயர் இருக்கும், பேருந்து நடத்துனர் பழைய பெயரைச் சொல்வார். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குமட்டும் நண்பருக்கு: மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அது உள்ளே நிற்காது. படுக்கை கப்பலின் நடுப்பகுதியில், கீழாகக் கிடைத்தால் ஆட்டம் குறைவு. வெறும் வயிறு கூடாது, எண்ணெய்ப் பண்டமும் கூடாது. உலர்ந்த ரொட்டி, கடலை மிட்டாய், எலுமிச்சை கொண்டுபோனால் போதும். கப்பலிலேயே சாப்பாடு உண்டு, ருசியை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு போர்வை, ரப்பர் செருப்பு, சோப்பு, குடிநீர்க் கேன் கட்டாயம். கழிவறைகள் முதல் நாள் இருப்பதுபோல் மூன்றாம் நாள் இருக்காது, அதனால் செருப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கப்பலில் பறவை கிடைக்குமா என்று கட்டாயம் கேட்பீர்கள். நடுக்கடலில் மணிக்கணக்கில் ஒன்றும் வராது, வங்காள விரிகுடா அப்படித்தான். ஆனாலும் காலை ஆறு முதல் எட்டு வரையிலும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் மேல்தளத்தில் நில்லுங்கள். தண்ணீரில் மிதந்து போகும் மரத்துண்டு, தெர்மகோல் எதைக் கண்டாலும் இருநோக்கியைத் திருப்புங்கள், ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் அதன் மேல் உட்கார்ந்து இளைப்பாறும். இரண்டாவது பயணத்தில், மூன்றாம் நாள் விடியலில், ஒரு தகைவிலான் கைப்பிடிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. என் முழங்கைக்கும் அதற்கும் இரண்டடி இருக்கும். இறகெல்லாம் உப்பிப் பந்துபோல இருந்தது, கண்ணை மூடி மூடித் திறந்தது, பக்கத்தில் நின்ற குழந்தை பேசியதைக்கூடக் கவனிக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து எழுந்து கிழக்கே போனது. கொஞ்ச நேரத்தில் கரையும் தெரிந்தது.

இறங்கியபின் உங்களுக்கு அதிகம் உதவப்போவது சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃபிளாட்டுக்குப் போகும் வாகனப் படகுதான். லாரி, ஆட்டோ, பைக், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஏறும் படகு. நாள் முழுக்க ஓடும், டீ குடிக்கிற காசுதான் டிக்கெட், கால் மணி நேரத்தில் அக்கரை. அதே இடத்துக்குச் சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், வாடகைக் காரும் வேண்டியிருக்கும். பாம்பூஃபிளாட்டில் இறங்கி ஆட்டோவிலோ பேருந்திலோ மவுண்ட் ஹேரியட் அடிவாரம் போகலாம் (2021-லிருந்து மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்கா). அந்தமான் பாம்புக் கழுகு, அந்தமான் மரப்புறா, பச்சைப்புறா, கரிச்சான், அப்புறம் உடம்பெல்லாம் கரியாய்த் தலையில் சிவப்புக் கொண்டையோடு காக்கை அளவுக்கு இருக்கும் அந்தமான் மரங்கொத்தி, எல்லாம் இந்தப் பக்கத்துக் காட்டில் கிடைக்கும். இன்னும் வடக்கே ஷோல் பே, ரைட் மியோ பக்கம் போனால் அலையாத்திக் காடும் மீன்கொத்திகளும். முதல் படகைப் பிடியுங்கள். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்: சாத்தத்தில் 1883-இல் தொடங்கிய பழைய மர அறுவை ஆலை இருக்கிறது, அந்தக் கட்டடத்தில் உழவாரக் குருவிகள் கூடு கட்டும், தலைக்கு மேலே சர் சர்ரென்று போவதைத் துறையிலிருந்தே பார்க்கலாம்.

தெற்கே சிடியாதாபு, நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர், அரசுப் பேருந்து உண்டு. பகலில் செண்பகம், சோலைப்பாடி, வால்காக்கை. அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோர ஈரத்தில் அந்தமான் கானாங்கோழி. இருட்டிய பிறகு ஆந்தைகளும் அந்தமான் பக்கி என்னும் இரவுப் பறவையும். இங்கேதான் ஒரு சிக்கல். அந்தமானிலும் நம்முடைய கடிகாரம்தான், ஆனால் அது வெகு கிழக்கே இருப்பதால் ஜனவரியில் மாலை ஐந்தேகால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு நல்ல இருட்டு, ஆந்தை கூப்பிடத் தொடங்கும். திரும்பப் பேருந்தை நம்ப முடியாது. அன்று ஒரு நாள் மட்டும் ஆட்டோவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பேருக்கும் பங்கிட்டால் பெரிய தொகை வராது. இங்கே காசு பார்க்காதீர்கள். ஆந்தைகளுக்காகச் செலவழிக்கும் அந்த ஒரு மாலை ஹேவ்லாக் படகைவிட எவ்வளவோ மேல்.

வழியில் சிப்பிகாட். 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்துபோய், நெல்வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. உழுது பிழைத்தவர்களுக்கு அது பேரிழப்பு. இன்று அந்தச் சதுப்பில்தான் அந்தமான் கிளுவையையும் வலசை வந்த கரைப்பறவைகளையும் பார்க்கிறோம். சாலையிலிருந்தே பார்க்கலாம், வரப்பில் இறங்க வேண்டாம், இப்போதும் அதெல்லாம் யாருடைய நிலமோதான்.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பர்கள் ஹேவ்லாக் போகத்தான் வேண்டும் என்றால், தனியார் விரைவுப் படகு ஆயிரத்துக்கு மேல் கேட்கும் இடத்தில் அரசுப் படகு சில நூறில் முடியும். ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும். டிக்கெட் தரும் ஸ்டார்ஸ் கவுண்டர் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். சில நாள் முன்னால்தான் டிக்கெட் திறக்கும், அதனால் போர்ட் பிளேரில் இறங்கிய நாளே போய்ப் பாருங்கள், திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே கேளுங்கள். அரசுப் படகில் இன்னொரு லாபம், பறவை பார்ப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்: வெளியே தளத்தில் நிற்கலாம். விரைவுப் படகுகளில் பெரும்பாலும் கண்ணாடிக்குள் ஏசியில் உட்கார்ந்தே வர வேண்டும். எந்தப் படகானாலும், ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள்.

கிரேட் நிகோபார் இந்த முறை வேண்டாம். போர்ட் பிளேரிலிருந்து கேம்ப்பெல் பே வரை 500 கிலோமீட்டருக்கு மேல். வழியில் மற்ற தீவுகளைத் தொட்டுப் போகும் கப்பல் என்றால் ஒரு பக்கத்துக்கே இரண்டு நாள் ஆகிவிடும். டிக்கெட் மலிவுதான், ஆனால் தீவுவாசிகளுக்கு இடம் கொடுத்தபின் மிஞ்சினால்தான் நமக்கு. திரும்பும் கப்பல் எப்போது என்று அங்கே போய்த்தான் தெரியும். நிகோபார் தீவுகளில் பெரும்பகுதி பழங்குடியினரின் காப்பகம், அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது, வைக்க ஆசைப்படவும் கூடாது. நிகோபார் புறாவுக்கும், மணலையும் சருகையும் மேடாகக் குவித்து அந்தச் சூட்டிலேயே முட்டை பொரிக்கவிடும் மெகபோடுக்கும் குறைந்தது மூன்று வாரம் ஒதுக்கித் தனியாகப் போங்கள். நார்கண்டம் இருவாச்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது ஆசை காட்டினால் தெரிந்திருக்கட்டும்: அது வாழும் ஒரே தீவுக்குப் பயணிகள் படகே கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது: திரும்பும் விமான டிக்கெட்டை உடனே எடுத்துவிடுங்கள். கப்பல் தேதி ஒத்துவந்தாலும் வராவிட்டாலும் அது தேவைப்படும், நாள் போகப் போக விலையும் ஏறும். டிசம்பர் தொடக்கத்திலிருந்தே கப்பல் அட்டவணையைக் கவனியுங்கள். வந்ததும், உங்கள் விடுப்பின் முதல் இரண்டு நாளுக்குள் கிளம்பும் கப்பல் இருந்தால் பங்க் வகுப்பில் மூன்று இடம் போடுங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் போவதற்கும் விமானமே எடுங்கள். தீவுக்குள் நகரப் பேருந்தும் பாம்பூஃபிளாட் படகுமாகப் போய்வந்தால், ஹேவ்லாக் படகுகளுக்கு என்று எழுதி வைத்திருந்த தொகையில் ஒரு நல்ல பகுதி அந்த விமான டிக்கெட்டுக்கு வந்துவிடும்.