நசுக்கலும் துருவும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் வடகிழக்கில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் ரயில்பாதையை இப்போது நடைபாதையாக்கியிருக்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்ட பையன்கள் கரடுமுரடான நிலத்தில் ஓட்டும், எண் பலகையில்லாத டர்ட் பைக்குகளில் அங்கே பறக்கிறார்கள். சென்ற மாதம் அதில் ஒன்று என் ஆறு வயது மகனின் கையை உரசிக்கொண்டு போனது. அடுத்த வாரம், பிடிபட்ட சில வண்டிகளை இயந்திரத்தில் போட்டு நசுக்கும் காணொளியைக் காவல்துறை வெளியிட்டது. மூன்று முறை பார்த்தேன். மகிழ்ச்சியாக இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. என் மகன், “யாருக்காவது கொடுத்திருக்கலாமே அம்மா” என்றான். பறிமுதல் செய்த வண்டிகளை இப்படி நசுக்குவது சரியா? அபராதம் போதாதா? நம் ஊர் போலீஸ் ஒரு வண்டியை இப்படி வீணாக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்தப் பையன்களின் சத்தத்தையும் திமிரையும் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

சுமதி

அன்புள்ள சுமதி,

பையனின் கை இப்போது எப்படி இருக்கிறது? உரசலோடு போயிற்று என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ஆனால் மூன்று முறை அந்தக் காணொளியைப் பார்த்தவருடைய மனத்தில் அது ஒரு வரியாக இருந்திருக்காது. அந்த மகிழ்ச்சிக்காக வெட்கப்பட வேண்டாம். குழந்தையின் மேல் மோத வந்த வண்டி அப்பளமாவதைப் பார்க்கும் தாய்க்கு மகிழ்ச்சி வராமல் வேறு என்ன வரும்?

பையன்களின் திமிரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. பதினாறு வயதில் ஒரு எஞ்சினின் மேல் உட்கார்ந்தவனுக்கு அது எந்த ஊரிலும் வரும். அபராதத்தைப் பற்றிய உங்கள் கேள்வியையும் ஒதுக்கிவைக்கிறேன், முகமூடி போட்டவனுக்கு எந்த முகவரியில் ரசீது அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் “நம் ஊர் போலீஸ் வீணாக்க மாட்டார்கள்” என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் எந்த ஊரில் வளர்ந்தீர்கள், சுமதி? பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு காவல் நிலையம்கூட இருந்ததில்லையா? சுற்றுச்சுவர் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கைப்பிடிகள் பின்னிக்கொண்டு, மழைநீர் தேங்கிக் கொசு வளர்த்துக்கொண்டு கிடக்கும் வண்டிகளை நீங்கள் பார்த்ததே இல்லையா? வெளிநாட்டுக்குப் போன பத்தாவது வருடத்தில் நம்மவர்களின் நினைவில் ஊர் துடைத்துப் பளபளப்பாகிவிடுகிறது. நசுக்கும் இயந்திரம் முப்பது விநாடியில் செய்வதை நாம் மழையையும் வெயிலையும் கொண்டு நான்கு வருடத்தில் செய்துகொண்டிருக்கிறோம், காணொளி எடுப்பதில்லை என்பதுதான் வேறுபாடு.

நான்கு வருடம் என்று குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. 1993இல் என் அப்பாவின் டிவிஎஸ் 50 பறிமுதல் செய்யப்பட்டது. அப்பா அதில் பால் கேன் கட்டி ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஒரு மாலை இரவல் வாங்கிப் போனார். வண்டி சாராயப் பாக்கெட்டுகளோடு பிடிபட்டது. மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது பெட்ரோல் டேங்கின் மேல் வெள்ளைப் பெயிண்டால் குற்ற எண்ணை எழுதியிருந்தார்கள். எழுதிய காவலருக்கு அழகான கையெழுத்து, பெயிண்ட் ஒழுகாமல் கோணாமல் எழுதியிருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கைத்துண்டால் இருக்கையைத் துடைத்தார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அங்கே போனார். வயதான தலைமைக் காவலர் ஒருவர் தடுக்கவில்லை. ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் டயர் வெடிப்புவிடும் என்பதால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு வருவார். முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஸ்பார்க் பிளக் காணாமல் போனது. அதுதான் உண்மையான கேடு, ஏனென்றால் பிளக் இருந்த துளை வழியாகத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். அப்பா அந்தத் துளையைத் துணி சுருட்டி அடைத்தார். அடுத்த மாதம் கார்புரேட்டர் போனது, பிறகு டேங்க் மூடி, பிறகு செயின். இரண்டாம் வருடம் ஆரக்கால்களுக்கு நடுவே ஊமத்தஞ்செடி முளைத்துப் பூவும் விட்டிருந்தது. மூன்றாம் வருடத்தில் அப்பா போவதை நிறுத்திக்கொண்டார்.

1997இல் நீதிமன்றம் வண்டியை விடுவித்தது. அப்பா குற்றமற்றவர், அவருக்குத் தெரியாமல் நடந்தது என்றெல்லாம் ஆணையில் இருந்தது. மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். காயலான் கடைக்காரர் கிலோ விலை சொன்னார். அப்பா வண்டியின் சட்டகத்தை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டு, எஞ்சினை எதிர்வீட்டில் ஐடிஐ படித்துக்கொண்டிருந்த பையனிடம் கொடுத்தார். அவன் அதைத் திண்ணையில் சாக்கு விரித்துப் பிரித்தான். பிஸ்டன் துருவேறி சிலிண்டரோடு இறுகியிருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி மூன்று நாள் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினான். நான்காம் நாள் அது ஒரு நூல் அளவு நகர்ந்தபோது திண்ணையில் இருந்த ஐந்து பேரும் சத்தம் போட்டோம். அந்த எஞ்சின் பிறகு ஓடவில்லை, ஆனால் அவன் அதை எத்தனை முறை பிரித்துப் பூட்டினான் என்பதற்குக் கணக்கில்லை. இன்று அவனிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்களுடைய கேள்வியைவிட அவனுடையது கூர்மையானது.

உங்கள் நாட்டுக் காவலருக்கு இந்த அதிகாரத்தைத் தருவது 2002ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. கவனமின்றி ஓட்டியோ, அனுமதியின்றிப் பொதுநிலத்திலோ நடைபாதையிலோ ஓட்டியோ, அதனால் மற்றவர்களுக்கு அச்சமோ துன்பமோ எரிச்சலோ உண்டாக்கினால், சீருடையில் இருக்கும் காவலர் வண்டியைக் கைப்பற்றலாம். எச்சரிக்க வாய்ப்பிருந்தால் முதலில் எச்சரிக்க வேண்டும், அதன்பின் பன்னிரண்டு மாதத்துக்குள் மீண்டும் சிக்கினால் நேராகக் கைப்பற்றலாம் என்றுதான் 2002இல் அந்தச் சட்டத்தை எழுதினார்கள். உரியவர் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளாவிட்டால் வண்டியை விற்கவோ அழிக்கவோ செய்யலாம். விற்றால், செலவு போக மிஞ்சிய தொகையை, ஓராண்டுக்குள் உரிமையாளர் வந்து தன் உரிமையை நிறுவினால் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. நசுக்கிவிட்டால் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. இயந்திரத்தின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வருவது இங்கேதான்.

அதே 2002ஆம் ஆண்டில், அக்டோபர் முதல் தேதி, நம் உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையங்களில் நீண்டகாலம் கிடக்கவிடுவதால் எந்தப் பயனும் இல்லை என்று சொன்னது. உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் விடுங்கள், யாரும் கேட்டு வராவிட்டால் ஏலத்தில் விடுங்கள் என்றது. அப்பாவின் வண்டிக்கு ஐந்து வருடம் தாமதமாக வந்த தீர்ப்பு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இன்னும் திட்டமாகச் சொல்கிறது: பொருள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்துப் படமோ காணொளியோ எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வது என்று ஆணையிட வேண்டும். அந்தப் படமே சாட்சியமாகும், இரும்பு அங்கே கிடக்க வேண்டியதில்லை. சட்டத்தில் குறையில்லை. உங்கள் ஊர்க் காவல் நிலையச் சுவரோரம் எப்படி இருக்கிறது என்று அடுத்த விடுமுறையில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாம் 14 நாட்களில் படமே எடுக்காமல் இருக்க, பிடிபட்ட வண்டியை அழிப்பதற்கு முன் அங்கே இருந்த 14 நாள் காத்திருப்பை 48 மணி நேரமாகக் குறைக்கும் யோசனையை உங்கள் அரசு 2025இல் முன்வைத்தது. இதைப் படித்தபோது ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் கண்முன் வந்தார். பிடிபடும் டர்ட் பைக்குகளில் திருட்டு வண்டிகளும் உண்டு. சாலையில் ஓடாத வண்டியை அங்கே அரசிடம் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயமில்லை, ஆகவே எண் பலகையை வைத்து உரிமையாளரைத் தேடும் வழியும் கிடையாது. பண்ணையில் பையனுக்கு வாங்கிக் கொடுத்த வண்டி கொட்டகையில் இல்லை என்பதை ஒருவர் கவனித்துப் புகார் கொடுப்பதற்கு 48 மணி நேரம் போதுமா? வெள்ளிக்கிழமை திருடு போய் ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டால் செவ்வாய்க்கிழமை அது தகட்டுக் கட்டி. இரவல் கொடுத்து ஏமாந்தவரின் வீட்டில் வளர்ந்தவன் நான், இந்த அவசரத்தை என்னால் ஏற்க முடியாது.

விற்கலாமே என்றால், சில காவல் படைகள் ஏலத்தில் விடவும் செய்கின்றன. விற்றால் அதே பையன்களின் கைக்கே அடுத்த வாரம் திரும்பிவிடும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. நான் எதிர்ப்பது அதிலிருந்து நேராக நசுக்கும் இயந்திரத்துக்குத் தாவுவதைத்தான். நடுவில் ஒரு ஸ்பேனர் இருக்கிறது, சுமதி. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

மோட்டார் சைக்கிளின் சட்டகத்தில், கைப்பிடி திரும்பும் இடத்தைக் கழுத்து என்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் சேசிஸ் எண் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, திருட்டுப் புகார்களோடு ஒப்பிட்டு, போதிய நாள் காத்திருந்து, யாரும் வராவிட்டால் அந்தக் கழுத்தை அறுத்துவிட்டால் போதும். வண்டி வண்டியாக இல்லாமல் போய்விடும். எந்தப் பையனும் அதில் ஏறி உங்கள் நடைபாதைக்கு வர முடியாது. மிச்சமிருக்கும் எஞ்சின், கிளட்ச், ஃபோர்க், சக்கரம், பிரேக் எல்லாம் பொருள்களாகிவிடும். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு தகரக் கூரையின் கீழ் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். அங்கே மோட்டார் சைக்கிள் என்பது யாருக்கோ தேவைப்படும் நூறு உதிரிகளின் கட்டு. நேரமாகும், ஆள் வேண்டும் என்பார்கள். நசுக்குவதற்கு முன்பும் பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் வடித்தாக வேண்டும். மின்சார வண்டியென்றால் லித்தியம் பேட்டரியைக் கழற்றாமல் இயந்திரத்தில் போட முடியாது, நசுங்கினால் தீப்பிடிக்கலாம். ஆக, எப்படியும் ஒரு மனிதர் ஒவ்வொரு வண்டியின் முன்னும் கருவியோடு உட்காரத்தான் வேண்டியிருக்கிறது. அவரை இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் என்ன கஷ்டம்? எஞ்சினைத் தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினால், அதே பையன்களின் வயதுள்ளவர்கள் அதை மேசைமேல் வைத்துப் பிரிப்பார்கள். ஓடாத எஞ்சினே திண்ணையில் ஒரு மெக்கானிக்கை உருவாக்கியது. நேற்றுவரை ஓடிய எஞ்சின் என்னவெல்லாம் செய்யும்?

பிரிப்பதற்குக் காணொளி அழகாக அமையாது என்பது உண்மைதான். 2022 ஜூனில் நியூயார்க்கில், பறிமுதல் செய்த ஏறத்தாழ நூறு டர்ட் பைக்குகளையும் அதே வகையான நான்கு சக்கரக் கரடுமுரடு வண்டிகளையும் வரிசையாக நிறுத்திப் புல்டோசரை ஏற்றினார்கள். அன்றைய மேயர் எரிக் ஆடம்ஸ் பந்தயத்தில் அசைக்கும் கட்டம் போட்ட கொடியை அசைத்து அதைத் தொடங்கிவைத்தார். அவருக்கு ஸ்பேனரைக் கொடுத்து உட்கார வைத்தால் எந்தத் தொலைக்காட்சி வரப்போகிறது?

நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மின்னஞ்சலில் கேட்டால் போதும், பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் பகுதிக் காவல்துறை சென்ற ஆண்டில் கைப்பற்றிய டர்ட் பைக்குகள் எத்தனை, உரியவரிடம் திரும்பியவை எத்தனை, ஏலத்தில் போனவை எத்தனை, நசுக்கியவை எத்தனை, நசுக்குவதற்கு முன் சேசிஸ் எண்ணைத் திருட்டுப் புகார்களோடு ஒப்பிட்டவை எத்தனை, முழுதாகக் கழற்றிப் பயிற்சிக்குக் கொடுத்த எஞ்சின்கள் எத்தனை என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை உங்கள் மகன் சொல்லச் சொல்ல எழுதுங்கள், அது அவனுடையது. பதில் வந்ததும் எனக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.