அக்குளில் திரும்பத் திரும்ப வரும் கட்டி

கேள்வி: எனக்கு 27 வயது. ஒன்றரை வருடமாக வலது அக்குளில் வலியோடு கட்டி வருகிறது. பழுத்து உடைந்து ஆறிவிடும். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி வரும். உடல் சூடு என்கிறார் அம்மா. எனக்கோ புற்றுநோயாக இருக்குமோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: பயத்திலிருந்தே தொடங்குவோம். மார்பகப் புற்றுநோய் பரவி அக்குளில் நெறி கட்டினால் பெரும்பாலும் வலிக்காது. கெட்டியாக இருக்கும், குறையாமல் வளரும். உங்களுடையது பழுத்து உடைந்து ஆறுகிறது. அது பொதுவாகத் தோல் சார்ந்த பிரச்சினை.

ஒரே ஒருமுறை வந்துபோனால், ஷேவ் செய்த இடத்தில் மயிர்க்கால் சீழ்பிடித்த சாதாரணக் கொப்புளம் என்று விட்டுவிடலாம். கையில் புண், பூனைக் கீறல், அந்தக் கையில் போட்ட தடுப்பூசி ஆகியவற்றாலும் நெறி கட்டி வலிக்கும். காரணம் தீர்ந்தால் அதுவும் சில வாரங்களில் அடங்கும். மாதவிலக்கை ஒட்டி மட்டும் வீங்கி வலித்தால் அங்கே கூடுதல் மார்பகத் திசு இருக்கலாம்.

ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றீர்களே, அதைத்தான் நான் கவனிக்கிறேன். 'ஹைட்ரடினைட்டிஸ் சப்புரேட்டிவா' என்ற நோயின் போக்கு இப்படித்தான். மயிர்க்கால்கள் அடைத்து, தோலுக்கு அடியில் வெடித்து, அழற்சி தொடர்ந்துகொண்டே இருக்கும். தொடை இடுக்கிலும் மார்புக்குக் கீழேயும்கூட வரும். அசுத்தத்தால் வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. வியர்வையும் உரசலும் எரிச்சலைக் கூட்டும் என்பதால் அம்மா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. மூலகாரணம் சூடு அல்ல. புகைப்பழக்கமும் உடல் பருமனும் இதோடு தொடர்புள்ளவை. கவனிக்காமல் விட்டால் தோலுக்கு அடியில் குழாய்போலப் புரையோடித் தழும்பாகும். பலர் இதைக் கொப்புளம் என்றே நினைத்து, வெட்டிச் சீழ் எடுத்து, ஐந்து நாள் மாத்திரையோடு வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். வெட்டிச் சீழ் எடுப்பது அன்றைய வலியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

தோல் மருத்துவரிடம் போங்கள். ஆரம்பநிலையில் கிளிண்டமைசின் லோஷன், சில மாதங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை தருவார்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்; சர்க்கரை நோய் இருந்தாலும் கொப்புளம் அடிக்கடி வரும்.

அதுவரை ஷேவ் செய்வதை நிறுத்துங்கள். வெந்நீர் ஒத்தடம் போதும். பிதுக்க வேண்டாம், சுண்ணாம்பு தடவ வேண்டாம்; சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும்.

குளிர் காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வலிக்காத கட்டி மூன்று வாரத்துக்கு மேல் நின்றாலோ, மார்பிலும் கட்டி தட்டுப்பட்டாலோ, மாலைக் காய்ச்சலோடு எடை குறைந்தாலோ ஸ்கேன் அவசியம். நம் ஊரில் காசநோயாலும் நெறி கட்டும்.

அப்புறம், அடுத்த தடவை கட்டி வீங்கும்போது மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் அது ஆறிப்போயிருக்கக்கூடும்.